பல்லுதானே என்று விட்டுவிடலாமா?

அம்பத்தூர் ரெயில் நிலையம் அருகே ஒரு டீக்கடை. காலை 7 மணி. எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாயில் கிராம்பு. முகம் வீங்கிக் கிடக்கிறது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையாண்ணே?" என்று கேட்டேன்.

"போனா ஒரு நாள் கூலி போச்சு தம்பி. பல்லுதானே! தாங்கலேன்னா புடுங்கிட்டாப் போச்சு" என்றார்.

"பல்லுதானே!" இந்த ஒரு சொல்தான் நம்மைக் கெடுக்கிறது.

உலகத்தில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கணக்குச் சொன்னது. அதில் சொத்தைப் பல்லுக்குத்தான் முதல் இடம்.

தின்னும் இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்குகின்றன. அமிலம் பல்லை அரிக்கிறது. ஆரம்பத்தில் வலியே இருக்காது. குழி நரம்பை நெருங்கும்போதுதான் உயிர் போகும். முதலிலேயே பார்த்தால் அடைத்துவிடலாம். முற்றினால் பிடுங்க வேண்டியதுதான்!

ஆறு வயது பல்

பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். "விழப்போற பால் பல்லுதானே" என்கிறார்கள். 6 வயதில் கடைவாயில் முளைப்பது பால் பல் அல்ல. ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்! எந்தப் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால் பெற்றோருக்குத் தெரிவதில்லை. அதுதான் முதலில் சொத்தையாகிறது.

2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து பார்க்கிறது. சொத்தைப் பல்லும் அதன் பட்டியலில் உண்டு. நல்லது. ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆச்சா? கம்பெனி வேலைக்கு ஓடும் தாய் எந்த நாளில் கூட்டிப் போவாள்? அரசு ஆஸ்பத்திரியில் புறநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலையில்தானே!

வேலப்பன்சாவடி, மதுரவாயல், போரூர் என்று இந்தப் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு, ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசுப் பள்ளிகளில் அந்த ஆறு வயதுப் பல்லின் பள்ளத்தைப் பூசி அடைக்க வேண்டும். பள்ளியிலேயே! வாரம் இரண்டு நாளாவது மாலையில் அரசு பல் வைத்தியர் உட்கார வேண்டும்.

தண்ணீரா, பேஸ்டா?

அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1945-ல் குடிநீரிலேயே புளோரைடு கலந்தார்கள். நம் தர்மபுரிப் பக்கமோ நிலத்தடி நீரில் அது மிஞ்சிப்போய்ப் பல்லே கறை படிகிறது. ஆகவே நமக்குத் தண்ணீரில் வேண்டாம், பேஸ்டில் இருந்தால் போதும். காலையோடு நிறுத்தாமல் இரவு படுக்கும் முன்பும் தேய்க்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.

பள்ளி வாசலில் மிட்டாய் விற்கும் பாட்டியின் பிழைப்பில் கை வைக்கச் சொல்லவில்லை. தின்றதும் வாய் கொப்பளிக்கப் பள்ளிக் குழாயில் தண்ணீர் வரட்டும் என்கிறோம்.

லேத் அண்ணனின் பல் போனது போனதுதான். அவர் பிள்ளையின் பல்லாவது மிஞ்ச வேண்டாமா? அதிகாரிகள் பதில் சொல்லட்டும்!