எந்தக் குலத்து வித்தை?

“குலவித்தை ஐயா, குலவித்தை! இரத்தத்திலே ஊறியது எங்கே போய்விடும்?”

இப்படி உரைத்தார் ஒரு பெரியவர். உரைத்த இடம் மடத்து மண்டபமன்று, மணப்பந்தலுமன்று. நாம் பணியாற்றும் பள்ளியின் அறிவியல் கண்காட்சி! சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது, பூச்செண்டு தரப்பட்டது. மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசி மேசையருகே நின்றார். அங்கே ஓர் உருளை. அதைச் சுற்றி வெள்ளித் தகடு போன்ற மெல்லிய தாள். கைப்பிடியைச் சுழற்றினால் பேசும். மின்சாரம் இல்லை, மின்கலம் இல்லை, இருந்தும் பேசும்.

பேசிற்று. பெரியவர் வியந்தார். “யாரப்பா செய்தது?” என்றார். மாணவன் முன்வந்தான். அடுத்து அவர் கேட்ட கேள்வி, எப்படிச் செய்தாய் என்பதா? ஊசி ஏன் மழுங்கியிருக்கிறது என்பதா? இல்லை, தோழர்களே! “உன் அப்பா என்ன வேலை?” என்பதே அந்தக் கேள்வி. “தச்சு வேலை” என்றான் பையன். அவ்வளவுதான், பெரியவரின் முகத்திலே தெளிவு பிறந்தது. புதிர் விடுபட்டது. குலவித்தை!

பாராட்டுத்தானே, இதிலே பழி என்ன இருக்கிறது என்று கேட்பர் சிலர். அன்று மாலை மேசையைத் துடைத்துக்கொண்டே அந்த மாணவன் நம்மிடம் கேட்டான்: “சார், அப்போ மூணு வாரம் நான் கஷ்டப்பட்டது கணக்கிலேயே வராதா?” அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலிலே, நாம் செய்தது இன்னதென்று சொல்லிவிடுகிறோம். எடிசன் 1877-ஆம் ஆண்டு டிசம்பரிலே அமெரிக்காவின் மென்லோ பார்க்கிலே பேச வைத்தாரே, வெள்ளீயத் தாள் சுற்றிய ஒலிப்பதிவுக் கருவி, அதன் ஏழை வீட்டு உடன்பிறப்பு இது. வீட்டுச் சுவரோரம் கழிவுநீருக்காகப் பதிப்பார்களே 110 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய், அதிலே கனமானதாகப் பார்த்து 15 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை எடுத்தோம். ஆம், சாக்கடைக் குழாய்தான்! மூக்கைப் பிடிப்போர் பிடிக்கட்டும். இருபுறமும் மரவட்டு அடைத்து, நடுவே 20 மில்லிமீட்டர் மரைக்கம்பியைச் செருகினோம். அந்தக் கம்பியிலே ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 2.5 மில்லிமீட்டர். அதே இடைவெளியிலே குழாயின் மேனியிலும் திருகுசுருளாகப் பள்ளம் ஓட வேண்டும். எடிசன் தம் காப்புரிமை ஆவணத்திலே அங்குலத்துக்குப் பத்துப் பள்ளம் என்று குறித்திருக்கிறார், அதாவது 2.54 மில்லிமீட்டர். நம்முடையதற்கும் அவருடையதற்கும் மயிரிழையினும் குறைந்த வேறுபாடு.

தாங்குகட்டை ஒன்றிலே நட்டைப் பதித்துவிட்டால், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றும்போது உருளை தானே ஒரு பள்ளத்தளவு பக்கவாட்டில் நகரும். ஊசியோ நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் கீழே பள்ளம் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளத்தின் மீது தாள் பாலம்போலப் படர்ந்திருக்கிறது. குரல் கொடுத்தால் சவ்வு அதிர்கிறது. சவ்வோடு ஒட்டிய ஊசி தாளைக் குழித்துச் செல்கிறது, ஒருகால் ஆழமாக, ஒருகால் மேலோட்டமாக. உருளையைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் சுழற்றினால், குழிகளிலே ஏறி இறங்கும் ஊசி சவ்வை அசைக்கிறது. சவ்வு காற்றை அசைக்கிறது. காற்று நம் செவியை அசைக்கிறது. விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு நிமிடம் பேசலாம். இதிலே தேவனுக்கும் இடமில்லை, தேவதைக்கும் வேலையில்லை.

சொல்வது எளிது. செய்யும்போதல்லவா தெரிகிறது! தச்சர் மகன்தான் முதலிலே மரத்தாலே ஓர் உருளை கடைந்தான். குலவித்தை துள்ளி எழுந்திருக்க வேண்டுமே, எழவில்லை. உருளை கோணிற்று. ஒருபுறம் ஊசி தாளைக் கிழித்தது, மறுபுறம் தொடவேயில்லை. சுற்றுக்கு ஒருமுறை ‘வூம்’ என்றொரு முனகல்தான் கேட்டது. குழாய்க்கு மாறினோம், மரவட்டின் நடுத்துளை விலகிற்று. மறுபடி வட்டு வெட்டினான், மறுபடி விலகிற்று. மூன்றாம் முறைதான் மையம் அமைந்தது. அவனுடைய தந்தை தச்சர்தாம். ஆனால் பையன் உளியைத் தொடக் கூடாது, படித்து வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று விலக்கியே வளர்த்தவர் அவர். அந்தக் கைக்கு உளியைப் பழக்கியது இந்த மூன்று வாரம். அதற்கு முந்திய மூவாயிரம் ஆண்டு அன்று!

பள்ளத்தின் கதை இன்னும் சுவையானது. பட்டறையிலே பள்ளம் கடைந்து வாங்கி வந்தோம். ஆறு சுற்று ஒழுங்காகப் போகும். பிறகு ஊசி மேட்டிலே ஏறி வழுக்கும். காரணம் புரியாமல் நாம் விழித்தோம். இளங்கலைப் பட்டம் பெற்று என்ன பயன், நமக்குத் தெரியவில்லை! பூ விற்கும் அன்னை ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, அளவுகோலை வைத்து அளந்தாள். ஓர் அங்குலத்திலே பதினொரு பள்ளம் இருந்தது. பழைய கடைசல் இயந்திரம் அங்குலக் கணக்கிலே ஓடியிருக்கிறது. பள்ளத்தின் இடைவெளி 2.31, மரையின் இடைவெளி 2.5. சுற்றுக்கு 0.19 மில்லிமீட்டர் விலகினால் ஆறாவது சுற்றிலே பள்ளத்தின் பாதியைக் கடந்து ஊசி மேட்டுக்கு வந்துவிடும் என்று கரும்பலகையிலே கணக்கிட்டுக் காட்டினாள். பூக்கட்டும் குலத்திலே பின்னக் கணக்கு எந்த இரத்தத்தின் வழியே ஊறிற்று? பெரியவர்தாம் விளக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்குகிறோம். சவ்வுக்குப் பால்மாவு டப்பாவின் அடித்தகடு உதவவில்லை, விறைப்பு மிகுதி. பழைய எக்ஸ்ரே படத்தை வட்டமாக நறுக்கி ஒட்டியதும் உயிர் வந்தது. கூரான ஊசி கிழித்தது. சாணைக்கல்லிலே தேய்த்து மழுக்கினோம். சமையலறையிலே புழங்கும் அலுமினியத் தாள், வெள்ளீயத் தாளைப் போல வளைந்து கொடுப்பதில்லை. ஆகவே தொண்டை கிழியக் கத்தினால்தான் பதிகிறது. தாளின் ஓரங்கள் சேருமிடத்திலே சுற்றுக்கு ஒரு ‘டக்’. இரண்டு மூன்று முறை ஒலித்ததும் குழிகள் தேய்ந்து குரல் மடிந்துவிடும்.

ஆனால் ஒன்று கண்டோம். அதைப் பகுத்தறிவுத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பதிவு செய்யும்போது உடனிருந்தவர்களுக்குக் கருவி தெளிவாகப் பேசுவதாகத் தோன்றிற்று. சொற்றொடரை அறியாதவர்களை வெளியே நிறுத்தி, பின்பு அழைத்து, கேட்டதை எழுதச் சொன்னோம். ஆளுக்கொன்று எழுதினர்! ‘ஆ’, ‘ஓ’ எனும் உயிரொலிகள் தப்பின. சகர ஒலி அடியோடு மறைந்திருந்தது. முன்பே அறிந்தவனின் செவி, ஓட்டையை எல்லாம் உள்ளத்தாலே அடைத்துக்கொள்கிறது. குறி சொல்பவள் முனகுகிறாள். கேட்பவன் தன் வீட்டுத் துயரை அதிலே நிரப்பிக்கொண்டு ‘அப்படியே சொன்னாளே!’ என்று கண்ணீர் வடிக்கிறானே, அதன் இயந்திரவியல் இதுதான். கைப்பேசியிலே ‘அருள்வாக்கு’ என்று வரும் கரகரத்த ஒலிகளுக்கும் இதே சோதனையைச் செய்து பாருங்கள். ஆளைப் பிரித்து நிறுத்துங்கள், எழுதச் சொல்லுங்கள்.

படித்தவரும் இந்தச் சோதனைக்கு அஞ்சியதுண்டு. 1878 மார்ச் 11-ஆம் நாள் பாரிசிலே, அறிவியல் கழகத்திலே, எடிசனின் கருவி காட்டப்பட்டது. பூயோ என்ற முதுபெரும் மருத்துவ அறிஞர் துள்ளி எழுந்து, இது வயிற்றுக்குரல் வித்தை என்று சீறினாராம். அங்கேயிருந்த வானியலாளர் பிளாமரியோன் இதனை எழுதி வைத்திருக்கிறார். பல மாதம் கழிந்த பின்னும் பூயோ மாறவில்லை. உயர்ந்ததாகிய மனிதக் குரலுறுப்பின் வேலையை இழிந்த உலோகம் செய்துவிட முடியாது என்பதாம் அவர் வாதம்! உலோகத்திலும் உயர்வு தாழ்வு! நம் பெரியவர் பிரான்சு நாட்டிலும் பிறந்திருக்கிறார் பாருங்கள். ஒரே வேறுபாடு, அவர் தகட்டுக்குச் சாதி பார்த்தார், இவர் பையனுக்குப் பார்த்தார்.

குலவித்தை என்கிறார்களே, இந்தக் கருவி எந்தக் குலத்து வித்தை? ஒலியைக் கோடாக வரைந்து காட்ட முதன்முதல் கருவி செய்தவர் ஸ்காட் தெ மார்தின்வில். பாரிசின் அச்சுத் தொழிலாளி. 1857-இல் காப்புரிமை பெற்றார். கோட்டைத் திரும்ப ஒலியாக்க அவருக்கு வழியில்லை. அவர் 1860-இல் புகைக்கரித் தாளிலே வரைந்த கோட்டை 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் கணினியால் பாட வைத்தனர். முதலிலே பெண்குரல் என்றே எண்ணினர். வேகத்தைப் பாதியாகக் குறைத்ததும் அது ஆண்குரல், ஸ்காட்டே பாடியிருக்க வேண்டும் என்று தெளிந்தனர். (நம் மாணவரும் கைப்பிடியை விரைவாகச் சுழற்றி நம் குரலைக் குழந்தைக் குரலாக்கிக் கொண்டாடினர்.) ஒலித்த குரலைத் திரும்ப எழுப்பலாம் என்று 1877 ஏப்ரலிலே எழுதி முத்திரையிட்டு அந்தப் பாரிசுக் கழகத்திலேயே ஒப்படைத்தவர் சார்ல் குரோ, அவர் கவிஞர். கருத்து இருந்தது; கருவி உருவாகவில்லை. எடிசனோ தொடர்வண்டியிலே செய்தித்தாள் விற்ற சிறுவன். தந்தி அடித்துப் பிழைத்த இளைஞன். பள்ளியிலே சில மாதமே அமர்ந்தவன். காதும் சரியாகக் கேளாது. அவர் வரைந்த படத்தைப் பித்தளையிலே வடித்துத் தந்தவர் ஜான் குரூசி, சுவிட்சர்லாந்திலே பிறந்து பூட்டுத் தொழில் பழகியவர். அச்சுக்காரர், கவிஞர், தந்திக்காரர், பூட்டுத் தொழிலாளி! தத்தம் தந்தையின் தொழிலிலேயே தலைமுறை தலைமுறையாக முடங்கிக் கிடந்திருந்தால் இந்த நால்வரின் கருத்தும் கையும் ஒன்றையொன்று தொட்டிருக்குமா?

“கைத்தொழிலை வெறுக்கிறீர்களே!” என்று நம்மைச் சாடுவர். கைத்தொழிலையா வெறுக்கிறோம்? கையிலே கொப்புளம் காட்டுகிறோம், வாருங்கள்! கைத்தொழில் வேறு, குலத்தொழில் வேறு. முன்னதை யாரும் கற்கலாம். பின்னதை யாரும் விட முடியாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் 1953-இல் இராசாசி ஆட்சியிலே கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றனர். தமிழகம் கொதித்தது, 1954-இலே காமராசர் முதல்வரானதும் அந்தத் திட்டம் குழிக்குப் போயிற்று. குழிக்குப் போனது திட்டம், எண்ணம் போகவில்லை. 2023 செப்டம்பர் 17-இல் ஒன்றிய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டமும் குடும்பவழித் தொழில்கள் பதினெட்டை வரிசைப்படுத்திற்று. குடும்பத்தின் மரபுத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்த அகவையைப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்தாக உயர்த்துங்கள் என்று தமிழ்நாடு கேட்டது. இசைவு வராததால் அத்திட்டத்தை இப்போதுள்ள வடிவிலே ஏற்க இயலாதென்று 2024 நவம்பரிலே அறிவித்தது. பதினெட்டு அகவைப் பிள்ளை கல்லூரி வாயிலைப் பார்க்க வேண்டியவன், அவனிடம் கடனும் கருவியும் நீட்டி, “அப்பன் தொழில் இருக்கிறதே!” என்றால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

பெரியவர் கெட்டவரல்லர். பையன் தலையைத் தடவினார்; பரிசுத் தொகையும் தந்தார். அதனாலேதான் அச்சம் பெரிதாகிறது. வைபவரை எதிர்த்து நிற்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். தடவிக் கொடுத்துக்கொண்டே, உன் உழைப்பு உன்னுடையதன்று, உன் பாட்டன் இரத்தத்தினுடையது என்பாரை எதிர்க்க எப்படிச் சொல்லித் தருவது? மேல்தட்டுப் பிள்ளை வென்றால் அறிவு. உழைக்கும் வீட்டுப் பிள்ளை வென்றால் இரத்தம்! தோற்றாலோ, அப்போதும் இரத்தம்!

கோணிப்போன மர உருளையை அந்த மாணவன் தூக்கி எறிந்திருந்தான். ஆய்வுக்கூடத்துப் பின்புறம் கிடந்ததைத் தேடி எடுத்தோம். பதினொரு பள்ளம் ஓடிய குழாயும், நடுத்துளை விலகிய வட்டுகளும் கிடைத்தன. அடுத்த கண்காட்சியிலே பேசும் உருளைக்கு முன்னால் இவை வரிசையாக வைக்கப்படும்; ஒவ்வொன்றின் மீதும் யார் செய்தது, எந்த நாளிலே செய்தது, தவறு எங்கே என்று சீட்டு ஒட்டப்படும். சீட்டுகளை அவனும் அந்த மாணவியும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம்.