பதினேழு வயசுக்கு என்ன விலை?

‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ முதல் படம் பார்த்திருப்பீங்க. வின் டீசல் ஷெட்டைத் திறந்து காட்டுவாரே, கன்னங்கரேல்னு ஒரு கார்... கிளப்பினால் முன்சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்புமே, அது 1970 மாடல் டாட்ஜ் சார்ஜர். அந்த ஜாதிக் கார்களுக்குப் பெயர்தான் ‘மசில் கார்’!

ஃபார்முலா ரொம்ப சிம்பிள். உடம்பு சாதாரண குடும்பக் கார். உள்ளே ராட்சச வி-8 இன்ஜின். விலை, வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு அமெரிக்கப் பையன் தவணை கட்டி வாங்கக்கூடிய அளவு. அவ்வளவுதான்.

இதை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டது 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அதுவும் ஒரு குறும்பில் பிறந்ததுதான். இந்த சைஸ் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக்கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பான்டியாக்கின் தலைமை இன்ஜினீயர் ஜான் டிலோரியனும் அவர் டீமும் என்ன செய்தார்கள் தெரியுமா? 389 கன அங்குல இன்ஜினைத் தனி கார் மாடலாக அறிவிக்காமல், ‘வேணும்னா சேர்த்துக்கலாம்’ என்கிற ‘ஆப்ஷன்’ லிஸ்டில் நைசாக நுழைத்துவிட்டார்கள். மேலிடம் முழிச்சுக்கிட்டுப் பார்ப்பதற்குள் முதல் வருஷமே 32,450 கார்கள் காலி!

அப்படிப் பையன்களுக்காகச் செய்த கார்கள்தான் இன்றைக்குக் கோடிகளில் ஏலம் போகின்றன. ஜனவரி மாசம் வந்தால் போதும். அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் ‘பேரெட்-ஜாக்சன்’, ஃப்ளோரிடாவின் கிஸிம்மியில் ‘மீகம்’ என்று இரண்டு பெரிய ஏலத் திருவிழாக்கள். டி.வி. கேமரா, விளக்கு வெளிச்சம், மூச்சு விடாமல் ராகம் போட்டு விலை சொல்லும் ஏலக்காரர், ‘இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார்’ என்று முகத்துக்கு நேரே வந்து உசுப்பேற்றும் ஆட்கள்... நம்ம ஊர் சந்தையெல்லாம் பக்கத்திலேயே நிற்க முடியாது.

ஒடுக்கு விழுந்த கார்... 26 கோடி!

2020 ஜனவரி 10. கிஸிம்மி மேடைக்கு ஒரு பச்சை நிற 1968 ஃபோர்டு மஸ்டாங் வருகிறது. உடம்பெல்லாம் ஒடுக்கு, துரு. டிங்கரிங் பண்ணலை, பட்டி பார்க்கலை, பெயிண்ட் அடிக்கலை. கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 26 கோடி ரூபாய்க்கு மேல்!

ஏன்? ‘புல்லிட்’ படத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுபள்ளங்களில் ஸ்டீவ் மெக்வீன் பறந்தாரே, அந்தக் கார் இது. 1974-ல் நியூ ஜெர்சிக் குடும்பம் ஒன்று பத்திரிகை விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கியது. கண்ணாடிக் கூண்டில் வைத்துப் பூஜை பண்ணவில்லை. டீச்சர் வேலை பார்த்த அந்த வீட்டு அம்மா, தினமும் ஸ்கூலுக்கு ஓட்டிப்போன கார் அது! 1977-ல் மெக்வீனே ‘எனக்குத் திருப்பிக் கொடுத்துடுங்களேன்’ என்று கடிதம் எழுதினார். குடும்பம் அசையவில்லை. பிறகு கிளட்ச் பழுதாகி, வருஷக்கணக்கில் ஷெட்டிலேயே தூங்கியது. 2018-ல்தான் வெளி உலகத்துக்குக் காட்டினார்கள். மெக்வீன் எழுதிய கடிதமும் பத்திரமாக இருந்தது. ஏலத்தில் அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான் பணம்.

யாரும் வாங்காததுதான் தங்கம்!

‘சரி, அது சினிமா கார். மத்ததுக்கு ஏன் இந்த விலை?’ என்கிறீர்களா? இங்கேதான் வேடிக்கை.

பிளைமவுத் ‘குடா’ என்று ஒரு கார். அதில் 426 கன அங்குல ‘ஹெமி’ இன்ஜின் வேண்டுமென்றால் 1970-ல் 871 டாலர் கூடுதலாகக் கட்டணும். அதாவது கார் விலையில் கால் பங்கு! அதற்கு மேல் இன்ஷூரன்ஸ்காரர்கள் வேறு, இளைஞர்களின் பவர்ஃபுல் கார்களுக்குத் தாறுமாறாக பிரீமியம் போட்டார்கள். ஆசை இருந்தும் பையன்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 1971-ல் கூரை திறக்கிற ஹெமி குடா மொத்தம் ஒரு டஜனைத் தாண்டவில்லை. 2014-ல் மீகம் சியாட்டில் ஏலத்தில் அதில் ஒன்று போன விலை 35 லட்சம் டாலர்!

இன்னொன்று, 1969 கேமரோ ஸீ.எல்-1. முழு அலுமினிய இன்ஜின். மொத்தமே 69 கார்கள். இல்லினாய் மாநிலத்தில் ஃப்ரெட் கிப் என்ற டீலர் 50 கார்களுக்கு ஆர்டர் கொடுத்தார். வந்து இறங்கியதும் விலையைப் பார்த்து அவருக்கே மயக்கம். 7,000 டாலருக்கு மேல்! விற்க முடியாமல் பெரும்பகுதியைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினார். பெரிய இறக்கை வைத்த பிளைமவுத் சூப்பர்பேர்டும் இதே கதைதான். ‘இது என்னடா வேஷம்?’ என்று யாரும் சீண்டாததால், சில டீலர்கள் இறக்கையைக் கழற்றிவிட்டு சாதாரணக் காராக மாற்றித் தள்ளிவிட்டார்கள். இப்போது அந்த இறக்கைக்காகத்தான் அடிதடி!

அப்புறம் சுத்தமான காற்றுக்கான சட்டம் 1970-ல் வந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, பெட்ரோல் பங்குகளில் க்யூ நின்றது. கேலனுக்குப் பத்து மைல் ஓடுகிற கார் யாருக்கு வேணும்? மசில் கார் காலம் முடிந்தே போனது.

பேப்பர் எங்கே பாஸ்?

விலை இவ்வளவு என்றால் டூப்ளிகேட் வராமல் இருக்குமா? 1964, 65-ல் ஜி.டி.ஓ. வெறும் ‘ஆப்ஷன்’தானே... அதனால் சேஸிஸ் நம்பரை மட்டும் பார்த்தால் அது ஜி.டி.ஓ.வா, சாதாரண லெமான்ஸா என்றே சொல்ல முடியாது! இன்ஜினை மாற்றி, பேட்ஜை ஒட்டினால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அதனால் ஏலத்தில் முதலில் கேட்கிற கேள்வி, ‘நம்பர்ஸ் மேட்சிங்’தானா? அதாவது, ஃபேக்டரியில் பூட்டிய அதே இன்ஜின்தானா, அதில் குத்தியிருக்கும் நம்பர் காரோடு ஒத்துப்போகிறதா என்பது. ஃபோர்டு என்றால் பழைய தயாரிப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் ‘மார்ட்டி ரிப்போர்ட்’. பான்டியாக் என்றால் ‘பி.எச்.எஸ்.’ ஆவணம். கிரைஸ்லர் கார் என்றால் சீட்டுக்கு அடியில் ஃபேக்டரித் தொழிலாளி மறந்து விட்டுப்போன ‘பில்ட் ஷீட்’. எலி கடித்த அந்தக் காகிதம் கிடைத்தால் ஓனருக்கு லாட்டரி!

இதிலே காசு பார்க்கலாமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க.

ஏலத்தில் விலை ஏற ஊரே வர வேண்டாம். விட்டுக்கொடுக்காத ரெண்டே பேர் போதும். அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் அன்றைக்கு வரவில்லை என்றால் கதை கந்தல். மேலும், கேட்ட விலை எல்லாம் விற்ற விலை இல்லை. 2021-ல் ஒரு ஹெமி குடாவை 48 லட்சம் டாலர் வரைக்கும் கேட்டார்கள். ஓனர் தரவில்லை. கார் வந்த மாதிரியே வீட்டுக்குப் போனது.

இன்னொரு கணக்கு. கேரல் ஷெல்பி தனக்கென்று செய்துகொண்ட 1966 கோப்ரா ‘சூப்பர் ஸ்நேக்’. கறாராகச் சொன்னால் அது ஸ்போர்ட்ஸ் கார். ஆனால் அதே மேடை, அதே கூட்டம். 2007-ல் உச்சக்கட்ட ஜுரத்தில் 55 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருஷமே அமெரிக்கப் பொருளாதாரம் படுத்தது. மசில் கார் விலைகளும் சேர்ந்து படுத்தன. வாங்கியவர் 2015-ல் விற்றபோது கிடைத்த விலை, கமிஷனையும் சேர்த்து, சுமார் 51 லட்சம். 2021-ல் மறுபடி ஏலம், 55 லட்சம். ‘போட்ட பணம் வந்துடுச்சே!’ என்று துள்ளாதீங்க. 2007-ன் 55 லட்சம் டாலர், விலைவாசிப்படி 2021-ல் சுமார் 70 லட்சத்துக்குச் சமம். நடுவே இன்ஷூரன்ஸ், பராமரிப்பு, ஒவ்வொரு முறையும் ஏலக் கம்பெனிக்குக் கமிஷன். உலகப் புகழ்பெற்ற ஒரே காருக்கே இந்த நிலை என்றால், கடன் வாங்கி சாதாரண ‘கிளாசிக்’கை வாங்கியவர் கதி?

வாங்குவது யார் என்று பார்த்தால் புரிந்துவிடும். 1960-களில் பதினேழு வயசுப் பையனாக ஷோரூம் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றவர்கள், ஐம்பது வயசுக்கு மேல் கையில் காசோடு திரும்பி வந்தார்கள். இந்த விலைக்கு அஸ்திவாரம் போட்டது அவர்கள்தான். அவர்கள் கை தூக்கியது இரும்புக்காக இல்லை. அன்றைக்குக் கிடைக்காமல் போன அந்த ஒரு சாயங்காலத்துக்காக.

அந்தத் தலைமுறைக்கு இன்று எழுபது, எண்பது வயசு. கார் நிறைய வைத்திருப்பவர்கள் இனி விற்கத்தான் பார்ப்பார்கள். அடுத்து கை தூக்கப் போகிறவர்களுக்கு வேறு பதினேழு வயசு. 2021 ஜூன் மாசம் லாஸ் வேகாஸில் பேரெட்-ஜாக்சன் ஏலம். பால் வாக்கர் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்’ படத்தில் ஓட்டிய ஆரஞ்சு கலர் டொயோட்டா சுப்ரா 5.5 லட்சம் டாலருக்குப் போனது. டெட்ராய்ட் இல்லை, வி-8 இல்லை. சுத்தமான ஜப்பான் சரக்கு! 1970-ல் டாட்ஜ் வாங்கியவரிடம் ‘ஒருநாள் டொயோட்டாவுக்கு இப்படி அடித்துக்கொள்வார்கள்’ என்று சொல்லியிருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

ஆகவே மக்களே... பழைய காரோ, பழைய பைக்கோ வாங்குகிற ஆசை வந்தால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. ‘நாளைக்கே இதன் விலை பாதியாகிவிட்டாலும், ஞாயித்துக்கிழமை காலையில் எடுத்து ஒரு ரவுண்டு அடிப்பேனா?’ ‘ஆமா’ என்றால் தாராளமாக வாங்குங்க. யோசிக்க ஆரம்பித்தால், பணம் பேங்க்லயே இருக்கட்டும்!