அரிது என்பதற்காகச் சொல்லாமல் விடலாமா?

கீழ்முதுகில் கட்டி உள்ளவர்களிடம் வலியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறோம். சிறுநீர் சரியாகக் கழிகிறதா என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், மகனோ மருமகளோ அருகில் நிற்கும்போது, "பரவாயில்லை" என்பதே பெரும்பாலும் விடையாக வருகிறது. இந்தக் கூச்சத்தைக் களைவதில் முதல் பொறுப்பு மருத்துவமனையினராகிய எங்களுடையதே என்று கருதுகிறோம்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே, கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் செல்லும் நரம்புகள் குதிரையின் வாலைப் போல ஒரு கற்றையாக இறங்குகின்றன. கட்டி அக்கற்றையை நெருக்கினால் சிறுநீர் வராமல் தேங்கலாம். அல்லது அறியாமலே ஒழுகலாம். ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறத்திலும் உணர்ச்சி மங்கும். மருத்துவ நூல்கள் இதனைச் சேணப் பகுதி என்கின்றன. சேணத்தை இன்று யார் கண்டார்கள்? சைக்கிள் இருக்கையில் படும் இடம் என்றால் எவருக்கும் விளங்கும். கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். முதுகுவலி குறைந்திருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டா. காலம் தாழ்ந்தால், அறுவைக்குப் பின்னரும் சிறுநீர்க் குழாயின் துணை வாழ்நாள் முழுதும் தேவைப்படக்கூடும்.

இதனினும் அரிதான ஒன்று உண்டு. சிலருக்கு இடுப்புப் பகுதிக் கட்டியால் தண்டுவட நீரில் புரதம் மிகுந்து, மூளையில் நீர் தேங்கி, தலைவலியும் பார்வை மங்கலும் தோன்றும். இடுப்புக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிக் குடும்பத்தார் கண்ணாடிக் கடைக்கு அழைத்துச் செல்வது இயல்பே. கட்டி இருப்பதைக் கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இவற்றையெல்லாம் முன்னரே சொன்னால் நோயாளி அஞ்சுவார், உறக்கம் இழப்பார் என்போர் எங்களிடையேயும் உள்ளனர். அக்கவலை பொய்யன்று. ஆயினும் வீட்டில் நள்ளிரவில் முடிவெடுக்க வேண்டியவர் நோயாளியும் அவர் துணைவருமே. அவர்களுக்குத் தெரியாத அறிகுறியை அவர்கள் எவ்வாறு மதிப்பர்?

ஆகவே வீடு திரும்பும்போது தரும் தாளில் இவ்வறிகுறிகள் எளிய தமிழில் இடம்பெற வேண்டும். "சிறுநீர் முட்டியும் வரவில்லை" என்றே எழுதலாம். திரையை இழுத்துவிட்டு, உறவினரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, ஒவ்வொரு வருகையிலும் நாங்கள் கேட்க வேண்டும். நாங்கள் மறந்தால், நீங்களே தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள்.