இயற்கைப் பாலும் பருத்திக்கொட்டையும்

நம் சங்கத்தின் கொள்முதல் நிலையங்களில் சேரும் பாலில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, ‘இயற்கைப் பால்’ என்று பெயரிட்டு நகரங்களில் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்னும் யோசனை அங்கத்தினர்களிடையே சில காலமாக வலுப்பெற்று வருகிறது. யோசனையின் நோக்கம் நல்லது. உழைப்பவருக்கு நான்கு காசு கூடுதலாகக் கிடைக்கவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு சிறிதும் இல்லை. ஆயினும் இன்றுள்ள நிலையில் அப்பெயரை நம் பால் கேன்களின்மீது ஒட்டலாகாது என்பதே நம் முடிவான கருத்து. அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம்.

‘நாங்கள் ஊசி போடுவதில்லை, மாட்டைக் கட்டிப்போட்டு வதைப்பதில்லை, வீட்டு மாடு, இதற்கு மேல் என்ன இயற்கை வேண்டும்?’ என்று கேட்கின்றனர் பலர். ஊசி போடாதது நன்றே. ஆனால் இயற்கை முறைக் கால்நடை வளர்ப்பு என்பதற்கு உலகெங்கும் ஒரு பொருள் ஏற்பட்டிருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூடி நடத்தும் கோடெக்ஸ் ஆணையம், 2001-ஆம் ஆண்டிலேயே இதற்கான நெறிகளை வகுத்துவிட்டது. அவற்றுள் முதன்மையானது தீவனம் பற்றியது. மாறுதல் காலத்தில்கூட, அசைபோடும் கால்நடைகளுக்கு அளிக்கும் தீவனத்தில், ஈரம் நீக்கிக் கணக்கிட்டால் 85 விழுக்காடேனும் இயற்கை முறையில் விளைந்ததாக இருக்கவேண்டும் என்கிறது அந்நெறி. ஆகவே மாடு எங்கே நிற்கிறது என்பதற்கு முன்னதாக, மாடு தின்பது எங்கே விளைந்தது என்னும் கேள்வி எழுகிறது.

இக்கேள்வியை நம் தொழுவங்களில் கேட்டுப் பார்ப்போம். வைக்கோல், பூச்சிமருந்து அடித்த வயலிலிருந்து வருகிறது. குச்சித் தீவனம் மூட்டையாக வருகிறது. அதனுள் என்ன இருக்கிறது என்பதை மூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதைக் கொண்டுதான் அறிகிறோம். தவிடு அரவை ஆலையிலிருந்தும், பிண்ணாக்கு எங்கிருந்தோ வந்த வித்திலிருந்தும் கிடைக்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாகப் பருத்திக்கொட்டை இருக்கிறது.

பருத்திக்கொட்டையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இரவு ஊறவைத்து, காலையில் ஆட்டுக்கல்லில் அரைத்துத் தொட்டியில் கரைத்து வைத்தால் பசு அதை எவ்வளவு ஆவலோடு குடிக்கும் என்பதும், பாலின் கனம் எவ்வாறு கூடும் என்பதும் வீட்டுப் பெண்மக்கள் அனைவரும் அறிந்தவை. பருத்தி என்பது நம் சங்கத்தைப் பொறுத்தவரை இருதலைச் செல்வம். பஞ்சு தறிக்குப் போகிறது. கொட்டை தொழுவத்திற்குப் போகிறது. நெசவாளரையும் உழவரையும் ஒரே சங்கத்தில் சேர்த்துவைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேறொன்று வேண்டுமா என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

ஆனால் இன்று சந்தையில் வாங்கும் கொட்டை எது? 2002-ஆம் ஆண்டில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு இந்திய அரசு அனுமதி அளித்தது. பத்தே ஆண்டுகளில் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது அதன் கைக்குச் சென்றுவிட்டது. அவ்விதை நன்றா, தீதா என்னும் வழக்கை இங்கே நாம் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கொட்டையைத் தின்ற மாட்டின் பால் கெட்டுவிட்டது என்றும் எவரும் பொருள்கொள்ள வேண்டாம். நாம் கூறுவது ஒன்றே. மரபணு மாற்றப்பட்ட எதையும் இயற்கை முறை நெறிகள் ஏற்பதில்லை. காலையில் பி.டி. கொட்டையைக் கரைத்து வைத்துவிட்டு, மாலையில் ‘இயற்கைப் பால்’ என்று விற்பது வாங்குபவருக்குப் பொய் சொல்வதாகும். அறியாமல் சொன்ன பொய்யாயினும் சங்கத்தின் முத்திரையோடு சொல்லப்பட்டால் அது சங்கத்தின் பொய்யே.

தீவனத்தைப் பற்றிய இன்னொரு செய்தி இதைக் காட்டிலும் அவசரமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அடுத்த ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. தண்ணீர் கலப்பதைப் பற்றியும் யூரியா கலப்பதைப் பற்றியும் மக்கள் அஞ்சிக்கொண்டிருந்த வேளையில், அச்சோதனை காட்டியது வேறொரு கேட்டை. அஃப்ளடாக்ஸின் என்னும் பூஞ்சை நச்சு 368 மாதிரிகளில் அனுமதித்த அளவை மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88 இவ்வாறு மீறியவை. அதாவது ஏறத்தாழ ஆறில் ஒன்று. இந்நச்சைப் பாலில் எவரும் கலப்பதில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கிலும், பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும், மக்காச்சோளத்திலும் அது உண்டாகிறது. மாடு தின்றபின் ஓரிரு நாளில் பாலில் இறங்குகிறது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அது அழிவதில்லை.

இதில் இயற்கை அன்பர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உரமும் மருந்தும் படாமல் விளைந்த கடலையின் பிண்ணாக்கும் ஈரத் தரையில் அடுக்கினால் பூசணம் பிடிக்கவே செய்யும். பூஞ்சைக்கு இயற்கை, செயற்கை என்னும் வேற்றுமை தெரியாது. தரையிலிருந்து உயர்த்திய பலகையும், ஒழுகாத கூரையும், நன்கு உலர்ந்த சரக்கும்தாம் அதற்கு மருந்து. இரண்டு மாடு வைத்திருப்பவர் தம் திண்ணையில் இவற்றையெல்லாம் எப்படிச் செய்வார்? ஒரு மூட்டை வாங்கி, சுவரோரம் சாய்த்துவைத்து, மழைக்காலம் முழுதும் அதிலிருந்து அள்ளிப் போடுவதே வழக்கம்.

மருந்துகளைப் பற்றியும் சில சொற்கள். இயற்கை முறை என்றால் நோயுற்ற மாட்டுக்கு மருத்துவம் செய்யலாகாது என்று சிலர் எண்ணுவது பெரும் பிழை. ஜீவகாருண்யத்துக்கும் அது முரணானது. கோமாரிக்குத் தடுப்பூசி போடுவதை எந்நெறியும் தடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்து வரும்போது ஆன்டிபயாடிக் மருந்தும் கொடுக்கலாம்; ஆனால் சட்டம் குறிக்கும் நாட்களைப்போல் இருமடங்கு நாட்கள் அந்தப் பாலை விற்காமல் நிறுத்தவேண்டும். மடிநோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் முறை நம் ஊர்களில் பலருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, சிறிது சிறிதாக நீரில் கரைத்து, பாலைக் கறந்து நீக்கிய மடியின்மேல் நாளுக்குப் பலமுறை ஐந்து நாட்கள் தடவுவது அது. நோயின் தொடக்கத்திலேயே செய்தால் ஊசிக்குத் தேவை குறையும். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு மட்டும் மருத்துவரை அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

மருந்தை நீக்கினால் மட்டும் போதாது, வளர்ப்பையே மாற்றவேண்டும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டின் வரலாறு சான்று. விலங்குகள் விரைவாகப் பருக்கவேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் வழக்கத்தை அந்நாடு 1986-இல் முதன்முதலாகத் தடைசெய்தது. தடையைக் கோரியவர்கள் விவசாயிகளின் கூட்டமைப்பினரே என்பது நம்போன்ற சங்கங்கள் மகிழத்தக்க செய்தி. ஆனால் தடை வந்த முதல் ஆண்டுகளில் தாய்ப்பால் மறந்த பன்றிக்குட்டிகள் கழிச்சல் கண்டு துன்புற்றன. கொட்டிலையும், தீவனத்தையும், பால் மறக்கச் செய்யும் வயதையும் மாற்றிய பின்னரே நிலைமை சீர்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அவ்வழிக்கு வர 2006-ஆம் ஆண்டு ஆயிற்று. நம் நாடு கோலிஸ்டின் என்னும் மருந்தைக் கோழி முதலியவற்றின் தீவனத்தில் கலப்பதை 2019-இல் தடுத்தது.

தீவனத்தைத் தம் நிலத்திலேயே விளைவித்துக்கொண்ட வளர்ப்புமுறை நமக்குப் புதிதன்று. காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகளை நம் வாசகர்களில் பலர் கண்டிருப்பர். கிளுவை வேலி சூழ்ந்த மானாவாரி நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே வெள்வேல மரங்கள். ஒரு காட்டில் மேய்ந்த மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டி, முன்னதைத் தழைக்கவிடுவர். வெள்வேலங்காய் ஆடுகளுக்குத் தீனி. கால்நடைகளின் சாணமும் புழுக்கையும் அந்நிலத்துக்கே எரு. காங்கயம் மாடு இந்த நிலத்தின் மகவு என்று கூறினால் மிகையாகாது. இயற்கை முறைக்கு இலக்கணம் எழுதப்படுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னரே இலக்கியம் அங்கே இருந்திருக்கிறது. அக்காடுகள் வீட்டுமனைகளாகக் கூறுபட்டு வருவதைக் காணும்போது மனம் நோகிறது.

எனினும் கொறங்காடு வைத்திருப்பவர் நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர்? இங்கேதான் நம் கவலையின் மையம் இருக்கிறது. தறிக்குழிக்குப் பின்புறம் ஒரு பசுவையோ இரண்டு ஆடுகளையோ கட்டி வளர்க்கும் நெசவாளருக்கு ஒரு சாண் நிலமும் கிடையாது. அவர் புல்லை அறுப்பது வாய்க்கால் கரையில். மற்றதெல்லாம் விலைக்கு வாங்குவது. ‘இயற்கைப் பால்’ என்னும் பெயருக்குத் தகுதி தேடினால், நிலமுள்ள சிலர் எளிதில் அதை எய்துவர். நெசவாளர் வீட்டுப் பால் பழைய விலைக்கே போகும். ஒரே சங்கத்தில் இரண்டு சாதிப் பால் உண்டாகிவிடும். கூட்டுறவு என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே மேல்.

‘தனியார் நாட்டுமாட்டுப் பால் என்றும் ஏ2 பால் என்றும் இரட்டை விலைக்கு விற்கிறார்களே, நாம் மட்டும் காத்திருப்பதா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஏ2 என்பது பாலிலுள்ள ஒரு புரதத்தின் வகையைக் குறிப்பது. மாட்டின் பிறப்பைப் பொறுத்தது. அது எதைத் தின்றது என்பதைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறாது. அப்பெயரை நீக்குமாறு 2024 ஆகஸ்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டதும், சில நாட்களுக்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். அத்தகைய சச்சரவில் சங்கம் சிக்கவேண்டியதில்லை.

ஆகவே பெயருக்கு முன் தீவனம். இதைத் தனி வீடு செய்ய இயலாது, சங்கம் செய்யலாம். எள்ளும் கடலையும் இயற்கை முறையில் பயிரிடும் அங்கத்தினர்களிடமிருந்து சங்கமே வித்தை வாங்கி, செக்கில் ஆட்டி, எண்ணெயை விற்று, பிண்ணாக்கை நிலமுள்ளவர், இல்லாதவர் என்னும் வேறுபாடின்றி ஒரே விலைக்கு அளிக்கவேண்டும். அதைச் சேமிக்கப் பலகைத் தளமிட்ட ஓர் உலர்ந்த கிடங்கு வேண்டும். சங்கத்தில் சும்மா கிடக்கும் நூல் கிடங்கின் ஒரு பகுதியே போதும்.

பருத்திக்கு வழி கருங்கண்ணி. கரிசல் மண்ணில் மழையை மட்டும் நம்பி விளையும் இந்த நாட்டுப் பருத்தியைச் சிலர் மீண்டும் பயிரிடத் தொடங்கியிருக்கின்றனர். அதன் இழை குட்டையானது. மெல்லிய நூலுக்கு உதவாது. போர்வை, துண்டு போன்ற கனத்த துணிக்கு நன்கு உதவும். விளைச்சல் குறைவு என்பதையும் மறைக்கலாகாது. அக்குறைவை ஈடுசெய்யும் விலையைப் பஞ்சுக்கும் கொட்டைக்கும் சேர்த்தே சங்கம் தரவேண்டியிருக்கும். மேலும், எல்லாப் பருத்தியும் அரைபடும் ஆலையில் கருங்கண்ணியைக் கொண்டுபோய்க் கொட்டினால் கொட்டைகள் கலந்துபோகும். ஆலையைத் துப்புரவாகக் கூட்டச் செய்து, ஒரு நாளைத் தனியே ஒதுக்கி அரைக்க ஏற்பாடு வேண்டும். சிறிய விஷயம்தான், ஆனால் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான் கெடுகின்றன.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுவோம். பயிர்நிலம் இயற்கை முறைக்கு மாறியதாக ஏற்கப்பட இரண்டாண்டுகள் ஆகும். அக்காலத்தில் செலவு கூடும்; விலை கூடாது. கொள்முதல் நிலையத்துக் கருவி கொழுப்பையும் பிற திடப்பொருளையும் அளக்குமேயன்றி உழவரின் பொறுமையை அளக்காது. அந்த இரண்டாண்டுச் சுமையில் ஒரு பங்கைச் சங்கத்தின் சேமநிதி ஏற்கவேண்டும் என்று நாம் கோருகிறோம். சான்றளிப்புக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்வையிட்டு உறுதி கூறும் முறையை அரசே 2011-இல் ஏற்படுத்தியிருக்கிறது. அது பிறவியிலேயே கூட்டுறவு முறை.

எல்லா ஊர்களிலும் ஒருங்கே தொடங்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. கரிசல் நிலமும் தறிகளும் ஒருங்கே உள்ள ஓர் ஊரை நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கட்டும். கருங்கண்ணி விதைப்புக்கு ஐப்பசி மழை ஏற்ற பருவம். அதற்குள் விதை தேடவும், கிடங்கைச் செப்பனிடவும், அரவை ஆலையாரோடு பேசி முடிக்கவும் வேண்டுமாதலால், வரும் பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பெயர்ச்சீட்டைப் பற்றிய தீர்மானத்துக்கு முன்னதாகத் தீவனக் கிடங்கைப் பற்றிய தீர்மானத்தை வைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.