தோற்றுப்போன கோச்சை என்ன செய்வது?

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் எந்த வழக்குக்கும் தீர்ப்பு எழுதிவிடலாம். போன வாரம் என் முன் ஸீட்டில் இருந்த இரண்டு அம்மாள்கள் விக்கிரவாண்டி வருவதற்குள்ளேயே எழுதிவிட்டார்கள்!

ஒருவருடைய பிள்ளை காலேஜ் கால்பந்து டீமில் ஆடுகிறானாம். இந்த வருஷம் போன இடமெல்லாம் தோல்வி.

"கோச்சை மாத்திட்டா சரியாப் போயிடும்னு அவங்கப்பா சொல்றாருக்கா."

"பையன் என்ன சொல்றான்?"

"அந்த ஸார் போனா நானும் டீமுக்குப் போகமாட்டேங்கிறான்."

"சின்னப் பசங்க அப்படித்தான் சொல்லும். நீ மாத்தச் சொல்லு!"

பையனின் சாட்சியம் எடுபடவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. எத்தனை கோல் வாங்கினார்கள் என்பது ஊருக்கே தெரியும். வாங்கிய மறுநாள் காலையில் அந்த மனிதர் மைதானத்துக்கு வந்து என்ன செய்தார் என்பது பையனுக்குத்தானே தெரியும்? வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்பதற்கு அந்த மறுநாள்தான் ஆதாரம் என்பது என் கட்சி.

ஹைதராபாத் ஸையத் அப்துல் ரஹீமை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இந்திய டீமின் கோச் ஆனவர். (2024-ல் வந்த 'மைதான்' ஹிந்திப் படம் இவர் கதைதான்.) 1951-ல் டில்லி ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கித் தந்தார். மறு வருஷமே ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்ஸ். யூகோஸ்லாவியாவிடம் 10-1! நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அந்தக் குளிர் தேசத்தில் வெறுங்காலோடு ஆடினார்கள். அன்று ரஹீமை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அனுப்பவில்லை. அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று; ரஹீமும் ஆட்டமுறையை மாற்றினார். ஒற்றைக் காலையே நம்பும் பையன்களுக்குப் பலவீனமான காலால் மட்டும் ஆடும் பந்தயங்கள் வைத்தவர் அவர். 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று ஜெயித்து, இந்தியா நான்காம் இடம் பெற்றது.

தோற்றவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறேனோ என்று பதற வேண்டாம். 2019-ல் வந்த குரோஷியாக்காரர் இகோர் ஸ்டிமாச் 2023-ல் கோப்பைகளும் வாங்கித் தந்தார். ஆனால் 2024 மார்ச்சில் கௌஹாத்தியில், சுனில் சேத்ரியின் 150-வது ஆட்டத்தில், ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றோடு வெளியேற்றம். அவரை அனுப்பிவிட்டார்கள். பிறகு கணக்குத் தீர்க்க 4 லட்சம் டாலர்! அனுப்புவதிலும் ஒரு நிதானம் வேண்டியிருக்கிறது.

நம் காலேஜ் கோச்சுக்கு டாலர் கிடையாது. அநேகமாக வருஷா வருஷம் புதுப்பிக்கும் தாற்காலிக வேலைதான். ஒரு கையெழுத்தில் போய்விடும். ஆகவே அந்த அம்மாள் சில கேள்விகளையாவது கேட்டிருக்கலாம். இருபது பையன்களுக்கு எத்தனை பந்து? மைதானத்தில் மழைத் தண்ணீர் வடிகிறதா? பரீட்சை என்று பாதிப் பையன்களை நிறுத்திக்கொண்டது யார்? கேட்காமல் கோச்சை மட்டும் மாற்றினால், புதிதாக வருகிறவரும் அதே ஓட்டைப் பந்தைத்தான் ஊத வேண்டும்.

ரஹீம் கதையில் முக்கியமான பாகம் இனிமேல்தான். 1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. அவர் உடம்பில் புற்றுநோய். முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து, பின்காவல் ஆடும் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. கோல் போடும் முன்வரிசைக்கு அனுப்பினார்! இறுதி ஆட்டத்தில், ஜுரத்திலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தினார். நம் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் வளர்த்த ஆள். எதிரே அதே தென் கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல்.

பி.கே. பானர்ஜி ஒன்று, தலைக்கட்டோடு ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம்!

1963 ஜூனில் ரஹீம் காலமானார். ஆசியப் போட்டியில் நமக்குக் கால்பந்துத் தங்கம் அதற்கப்புறம் இன்னும் கிடைக்கவில்லை.