வர்ணக் குண்டும் வலை ஜன்னலும்

யுத்த டாங்கியை வீட்டுக் கொல்லையில் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் செய்கிறார்கள். பழைய ஜீப்போ, கோல்ப் வண்டியோ, எது அகப்பட்டாலும் சரி. அதைச் சுற்றி மரச் சட்டமும் பிளைவுட்டும் அடித்து, பச்சைச் சாயம் பூசி, மேலே ஒரு குழாயை நீட்டிவிட்டால் டாங்கி தயார்! எல்லாம் பெயிண்ட்பால் என்ற விளையாட்டுக்காக. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளமிட ஏற்பட்ட துப்பாக்கியை வைத்துக்கொண்டு, 1981-ல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆரம்பித்த ஆட்டம் இது. பிற்பாடு ஓக்லஹோமாவில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடி, 1944-ம் வருஷத்து நார்மண்டிச் சண்டையையே ஆடிக் காட்டும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

குண்டு என்றால் ஈயக் குண்டல்ல. மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி ஒரு ஜெலட்டின் உறை. உள்ளே வர்ணக் குழம்பு. பருமன் 17 மில்லிமீட்டர். பூப் போலத்தானே என்று நினைத்துவிடாதீர்கள். விநாடிக்கு 300 அடி வேகத்தில் வருகிறது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

டாங்கிக்குள் இருப்பவருக்கு வெளியே தெரிய வேண்டுமே! சாதாரணக் கண்ணாடி ஆகவே ஆகாது. உடைந்து சில்லு தெறிக்கும். பாலிகார்பனேட் தகடு உடையாது. ஆனால் நாலு குண்டு பட்டதும் வர்ணம் வழிந்து, ஓட்டுகிறவருக்கு வழி மறைந்துவிடும். சுற்றிலும் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அது விபரீதம் அல்லவா? ஆகவேதான் கம்பி வலை. குண்டு நுழையாத சின்னக் கண்ணுள்ள உறுதியான வலையாக வாங்கி, இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே வைத்து, போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டும். கறுப்புச் சாயம் கொடுத்துவிட்டால் உள்ளிருந்து பார்க்கத் தெளிவாக இருக்கும். பளபளக்கும் வலை வெயிலில் கண்ணைக் கூசும். (நம் வீட்டுக் கொசுவலை ஜன்னலுக்கும் இது பொருந்தும்.)

வலைதான் இருக்கிறதே, இனி முகமூடி எதற்கு என்று தோன்றும். உள்ளே புழுக்கம் வேறு, பாவம்! கனிந்த தக்காளி ஒன்றைச் சல்லடையின் மேல் ஓங்கி எறிந்து பாருங்கள், வெளுத்த துணி எதுவும் அருகில் இல்லாதபோது. தோல் நின்றுவிடும், சாறும் விதையும் அந்தப் பக்கம் போய்விடும். வலையில் மோதி உடைகிற குண்டும் அப்படித்தான். உறைத் துணுக்கும் குழம்பும் உள்ளே சீறும். நாலு விரல் இடைவெளி விட்டு இன்னொரு வலை அடித்தால் சீறல் குறையுமே தவிர நிற்காது. போதாக்குறைக்கு, துப்பாக்கி நீட்ட ஒரு துவாரம் விட்டிருப்பார்களே, அதன் வழியாக முழுக் குண்டே வரும்.

புழுக்கத்துக்கு பாட்டரியில் ஓடும் சின்ன விசிறி ஒன்றை மாட்டிக்கொள்ளட்டும். முகமூடியைக் கழற்றுவது, இறங்கி ஆடுகளத்துக்கு வெளியே வந்த பிறகுதான்.