ரிப்போர்ட் வரும் வரை

புற்றுநோய் சிகிச்சையை முடித்தவர்களின் காலண்டர் வேறு. அதில் தீபாவளியும் பொங்கலும் ஸ்கேனுக்கு முன்னால் வருகின்றனவா, பின்னால் வருகின்றனவா என்பதுதான் கணக்கு. முதல் சில வருடங்களுக்கு மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை. தேதி நெருங்கும்போது தூக்கம் கெடுகிறது. சாதாரண முதுகுவலி, எலும்புக்குப் பரவிவிட்ட நோயாகத் தோன்றுகிறது. கை தானாகக் கழுத்தைத் தடவிக் கட்டி தேடுகிறது. மும்பை பரேலில், டாடா மெமோரியல் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் முகத்தில் இந்தக் காத்திருப்பைப் பார்க்கலாம். பணம் கட்டிய ஏ.சி. அறைகளிலும் இதே முகம்தான்.

ஆங்கிலத்தில் இதை 'ஸ்கேன்சைட்டி' என்கிறார்கள். கால் எலும்பில் புற்றுநோய் வந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2011ல் 'டைம்' இதழில் எழுதியபோது பிரபலமான சொல். விஷயம் பழையது. குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து தப்பியவர்களைப் பற்றி கூச்சர், ஓமாலி என்ற இரு அமெரிக்கர்கள் 1981லேயே புத்தகம் எழுதி, 'டெமாக்ளிஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். விருந்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் டெமாக்ளிஸின் தலைக்கு மேல், ஒற்றைக் குதிரை மயிரில் வாள் தொங்குகிறது. எதிரே பிரமாதமான சாப்பாடு. எப்படி இறங்கும்?

நம் வீடுகளில் இந்த வாள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன யோசனை?" என்று கேட்பவர்கள் அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் அதைக் கேட்ட பிறகு நோயாளி வாய் திறப்பதில்லை. சிகிச்சை நடக்கும்போது பயப்பட நேரமில்லை. கீமோ தேதி, ரத்தப் பரிசோதனை, விசாரிக்க ஒரு நர்ஸ், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் உறவினர்கள் என்று நாள் ஓடிவிடும். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் பயம் நிதானமாக வந்து உட்காருகிறது.

பயத்தில் ஒரு பகுதி, ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பது தெரியாததால் வருவது. பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய ஒருவகை சர்க்கரையை ஊசியில் செலுத்துகிறார்கள். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகம் உறிஞ்சுவதால் அந்த இடம் படத்தில் ஒளிரும். ஆனால் அழற்சியும் ஒளிரும், காசநோய்த் தழும்பும் ஒளிரும். நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. பயத்தில் இறுகிய கழுத்துத் தசைகூட ஒளிர்வதுண்டு. ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் அசையாமல் படுக்கச் சொல்வது இதனால்தான். இதெல்லாம் தெரியாமல், இரவு ஒன்பது மணிக்கு செல்போனில் வந்து விழும் ரிப்போர்ட்டைத் திறந்து, 'அப்டேக்' என்ற ஒரு சொல்லில் தடுக்கி விழுந்து, விடியும்வரை கூகுளில் தேடுகிறவர்கள் ஏராளம். ஸ்கேன் தேதி வாங்கும்போதே டாக்டரைப் பார்க்கும் தேதியையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. ரிப்போர்ட்டை யார் திறப்பது என்பதையும் வீட்டில் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

தேவையில்லாத ஸ்கேன் இன்னொரு கதை. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு வருடம் ஒரு மேமோகிராம் போதும். வழக்கமாக பெட் ஸ்கேன் எடுப்பதால் பலனில்லை என்பது மருத்துவ அமைப்புகளின் நிலை. 'மனநிம்மதிக்காக' எடுக்கப்படும் ஸ்கேன், அடுத்த ஸ்கேன் வரைகூட நிம்மதி தருவதில்லை. "இது எனக்கு அவசியமா?" என்று கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது.

மறுபுறம், பயத்தினாலேயே தேதியைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து இவர்களுக்குத்தான். இந்தக் கட்டத்தில் தைரியம் சொல்லிப் பயனில்லை. ஆலோசகரிடம் போக வேண்டும்.

புற்றுநோயாளியின் மனதுக்கென்று ஒரு துறையே உண்டு. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977ல் அதைத் தொடங்கிவைத்தவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண் மனநல மருத்துவர். ஜுரம் பார்ப்பதுபோல மனவேதனையைப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை நோயாளியையே குறிக்கச் சொல்லும் 'தெர்மாமீட்டர்' ஒன்று உண்டு. நான்கு அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

ஆலோசகர் "நோய் திரும்பாது" என்று சொல்லமாட்டார். அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. அந்த நினைப்பு வரும்போது அதன் பின்னாலேயே ஓடாமல் கவனத்தை எப்படித் திருப்புவது, உடம்பைத் தடவிப் பார்ப்பதை எங்கே நிறுத்துவது, இனி எதற்காக வாழ விரும்புகிறீர்கள் என்று போகும் பேச்சு. ஆஸ்திரேலியாவில் 'கான்கர்ஃபியர்' என்ற பெயரில் 222 பேரிடம் இப்படி ஐந்து அமர்வுகளைப் பரிசோதித்தார்கள். வெறும் ரிலாக்சேஷன் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்களுக்குப் பயம் அதிகம் குறைந்தது. 2017ல் வெளியான முடிவு இது.

மருந்து தேவைப்பட்டால் டாக்டர்தான் எழுத முடியும். டாமாக்ஸிஃபென் சாப்பிடும் பெண்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் டாமாக்ஸிஃபென் உடம்பில் வேலை செய்யும் விதத்தைத் தடுக்கக்கூடும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

பரேலிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கென்று பிரிவுகள் உண்டு. பெரும்பாலான மாவட்டங்களில் இல்லை. 2022ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவசச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம் என்பது தில்லியிலும் மும்பையிலும் இருப்பவர்களுக்கு உதவும். அது புற்றுநோய்க்கென்றே உள்ளதல்ல. முதல் கதவு, அவ்வளவுதான். உடல் நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது 2017ம் வருடச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணம் தரும். ஆலோசகரைப் பார்க்க யாரும் படுக்கையில் சேர்வதில்லை. ஃபீஸ் நோயாளியின் பையிலிருந்துதான் போகிறது.